நாஃப்லியோ: பலமீதி கோட்டையையும் கடலையும் ஒரே நாளில் பார்க்க முழுமையான வழிகாட்டி

கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் பகுதியில், ஆர்கோலிக் வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது நாஃப்லியோ. ஊருக்கு மேலே 216 மீட்டர் உயரக் குன்றில் பலமீதி கோட்டை. ஊரை ஒட்டிய தாழ்ந்த மேட்டில் ஆக்ரோநாஃப்லியா என்ற பழைய கோட்டை. துறைமுகத்துக்கு எதிரே, கடலுக்குள் ஒரு சின்னத் தீவில் பூர்ட்ஸி என்ற கோட்டை. பூர்ட்ஸிக்குப் படகு வேண்டும். மற்றவை எல்லாம் நடந்தே போகலாம். ஒரு முழு நாளில் அத்தனையும் அடங்கிவிடும்.

அடங்காமல் போவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். காலை பஸ்ஸில் ஏதென்ஸிலிருந்து வந்து, துறைமுகத்தில் காபி குடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பலமீதிக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் நிற்பவர்கள் பாதியிலேயே திரும்புகிறார்கள். கால் வலுவாகத்தான் இருக்கும், வெயில் விடாது. எந்தப் பக்கம் எப்போது வெயில் அடிக்கிறது, எது எப்போது மூடுகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் கீழே உள்ள வரிசை.

1. முதலில் மாதம், பிறகு கிழமை

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பர் நடு முதல் அக்டோபர் வரை. கோட்டையும் கடலும் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் காலம். மே மாதத்தில் கடல் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர். குளிப்பது முக்கியம் என்றால் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வரக்கூடாது என்றில்லை. ஆனால் வெப்ப அலை வீசும் நாட்களில் கிரேக்கக் கலாசார அமைச்சகம் தொல்லியல் தலங்களை நண்பகல் நேரத்தில் சில மணி நேரம் மூடிவைப்பதுண்டு. முந்தைய நாள்தான் அறிவிப்பு வரும். காலையில் கோட்டையை முடித்துவிட்டவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

கோடையில் கோட்டை பொதுவாகக் காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும். செப்டம்பர் தொடங்கியதும் மூடும் நேரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போல முன்னால் நகர்ந்துகொண்டே வரும். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரைக்கே கதவு அடைத்துவிடும். பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு அக்டோபரில் மாலை ஆறு மணிக்குப் போய் ஏமாறுகிறவர்கள் அதிகம். கலாசார அமைச்சகத்தின் தளத்தில் அந்த வாரத்து நேரத்தையும் கட்டணத்தையும் பாருங்கள். கட்டணமும் அடிக்கடி மாறுகிறது. மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜனவரி 1, மார்ச் 25, மே 1, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் திறக்கவே மாட்டார்கள். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் பெரும்பாலான ஆண்டுகளில் நம் நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் ஈஸ்டருடன் ஒத்து வராது. தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

கிழமை என்றால் திங்கள் முதல் வியாழன் வரை. ஏதென்ஸ்காரர்களுக்கு இது வார இறுதி ஊர். வெள்ளி மாலை அறை வாடகை ஏறும், சனிக்கிழமை இரவு உணவகத்தில் இடம் கிடைக்காது, ஞாயிறு மாலை பஸ் நிரம்பிவிடும்.

2. முந்தைய நாள் மாலையே வந்து சேருங்கள்

இந்தத் திட்டத்தின் அச்சாணி இதுதான். ஏதென்ஸிலிருந்து நாஃப்லியோ சாலை வழியே சுமார் 140 கிலோமீட்டர்; காரில் இரண்டு மணி நேரம், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். விடியற்காலையில் விடுதியை விட்டுக் கிளம்பினால்கூட ஊரில் இறங்கும்போது பத்து மணியைத் தாண்டிவிடும். படிக்கட்டில் நிழல் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழிந்துபோகும்.

பஸ்: கேடெல் என்ற மாவட்டப் பேருந்து நிறுவனங்களில் ஆர்கோலிதா பகுதிக்கு உரியது இங்கே ஓட்டுகிறது. ஏதென்ஸில் புறப்படும் இடம் கிஃபிசோஸ் பேருந்து நிலையம். விமான நிலையத்திலிருந்து நேராக அங்கே போக எக்ஸ் 93 பஸ் இருக்கிறது. நகருக்குள் போய்ச் சுற்றத் தேவையில்லை. கிஃபிசோஸ் பக்கத்தில் மெட்ரோ நிலையம் கிடையாது. மெட்ரோ வரைபடத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர்கள் கடைசி நேரத்தில் டாக்ஸி தேடுவது இதனால்தான்.

நிலையத்துக்குள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனிக் கவுன்ட்டர். வரிசையில் நிற்பதற்கு முன், அது ஆர்கோலிதா கவுன்ட்டர்தானா என்று பாருங்கள். வழியில் கொரிந்த் பூசந்தியில் பஸ் நிற்கும். சிலர் அதை நாஃப்லியோ என்று நினைத்துப் பையோடு இறங்கிவிடுகிறார்கள். ஆர்கோஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் நீங்கள் இறங்கும் இடம்.

ரயில்: இல்லை. பழைய வரைபடங்களில் நாஃப்லியோவுக்குத் தண்டவாளம் தெரியும்; சேவை பல ஆண்டுகளாக நின்றுகிடக்கிறது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கார்: இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்து வர வேண்டும். நெடுஞ்சாலையில் பல இடங்களில் சுங்கம் உண்டு. கொஞ்சம் சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். பழைய நகரத்துக்குள் கார் கொண்டுபோக முயலாதீர்கள். துறைமுகத்தை ஒட்டிய பெரிய திடலில் நிறுத்திவிட்டு நடங்கள். நாஃப்லியோவுக்குள் கார் தேவையே இல்லை. பக்கத்துப் பழங்காலத் தலங்களான மைசீனே, எபிடாரஸ் போக வேண்டுமென்றால்தான் அது பயன்படும்.

3. அறை பதிவு செய்யும்போது படிகளைப் பற்றிக் கேளுங்கள்

பழைய நகரம் ஆக்ரோநாஃப்லியா மேட்டின் சரிவில் ஏறுகிறது. சின்டாக்மா சதுக்கத்தைச் சுற்றிய கீழ்த்தெருக்கள் சமதளம். அங்கிருந்து இரண்டு மூன்று தெரு மேலே போனால் தெரு என்று பெயர் இருக்கும், உண்மையில் படிக்கட்டு. சக்கரம் வைத்த பெட்டி அங்கே உருளாது, தூக்கத்தான் வேண்டும்.

அதனால் விடுதிக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கார் நிற்கும் இடத்திலிருந்து கதவு வரை எத்தனை படி? உள்ளே அறைக்கு எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா? பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருப்பதால் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. மறுநாள் எண்ணூற்றுச் சொச்சம் படி காத்திருக்கும்போது, முதல் நாள் இரவே இருபது கிலோ பெட்டியோடு முழங்காலைச் சோதிக்க வேண்டாம்.

மேல்தெரு அறைகளில் காட்சி உண்டு, அமைதி உண்டு. கீழே வசதி உண்டு, வார இறுதியில் நள்ளிரவு தாண்டியும் சத்தமும் உண்டு. வயதானவர்கள் கூட இருந்தால் யோசிக்காமல் கீழ்த்தெரு.

4. இரவே எடுத்து வைக்க வேண்டியவை

தண்ணீர், ஆளுக்கு ஒன்றரை லிட்டர். கோட்டைக்குள் குடிநீர் கிடைக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ, செருப்பு கூடாது. ஏன் என்பது இறங்கும்போது தெரியும், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறது. கழுத்தில் கயிறு கட்டும் தொப்பி வேண்டும். மேலே காற்று பலமாக வீசும், சாதாரணத் தொப்பி மதிலைத் தாண்டிப் பறந்துவிடும். கைபேசியில் விளக்கு வேலை செய்ய வேண்டும். கோட்டைக்குள் இருட்டான அறைகள் இருக்கின்றன.

நீச்சலுடையை உள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள், மெல்லிய துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். கோட்டைப் படிக்கட்டின் அடியிலிருந்து ஆர்வனிட்டியா கடற்கரை சில நிமிட நடைதான். உடை மாற்ற அறைக்குத் திரும்பினால், படுக்கையைப் பார்த்ததும் கடல் மறந்துபோகும்.

காலை உணவுக்கு விடுதியை நம்பினால் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். பேக்கரிகள் அதிகாலையிலேயே திறக்கும். எள் தூவிய கூலூரி வளையம், கீரை வைத்த ஸ்பனகோப்பிட்டா, சீஸ் வைத்த திரோப்பிட்டா கிடைக்கும். பாதியை அங்கேயே சாப்பிட்டு, மீதியைக் கோட்டை உச்சிக்கு எடுத்துப் போங்கள்.

5. படியா, டாக்ஸியா?

பலமீதிக்கு இரண்டு வழி. ஒன்று ஊரிலிருந்து நேராக ஏறும் படிக்கட்டு. மற்றொன்று குன்றின் பின்பக்கமாகச் சுற்றி வரும் தார்ச்சாலை, சுமார் மூன்று கிலோமீட்டர். அது கிழக்கு வாசலில் கொண்டுபோய் விடும்.

ஊர்க்கணக்கில் படிகள் 999. எண்ணியவர்கள் 857 என்றும் 913 என்றும் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கல்லில் எண்ணத் தொடங்குவது என்பதில் உடன்பாடு இல்லை. உங்களுக்கு வேண்டிய கணக்கு வேறு: சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம், நின்று நின்று ஏறினால் நாற்பத்தைந்து நிமிடம்.

முழங்கால் வலி, இதயக் கோளாறு, உயரம் கண்டால் தலைசுற்றல், இடுப்பில் குழந்தை: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்ஸி. குறிப்பாக முழங்கால் வலி உள்ளவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூச்சு வாங்குமே என்று டாக்ஸியில் மேலே போய்விட்டு, இறங்குவது சுலபம்தானே என்று படியில் வருவார்கள். மூச்சுக்கு ஏற்றம் கடினம். முழங்காலுக்கு இறக்கம்தான் கடினம். முழங்காலில் பிரச்சினை என்றால், ஏறுவது எப்படியானாலும் திரும்புவது டாக்ஸியில்தான். மேலே டாக்ஸி காத்து நிற்காது. இறக்கிவிட்ட ஓட்டுநரிடமே இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள், அல்லது எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஏறும் முறை

எட்டு மணிக்குக் கதவு திறக்கும் என்றால் ஏழரைக்குப் படியின் அடியில் இருங்கள். பழைய நகரத்தின் கிழக்கு ஓரத்தில், நிலவாசல் என்று அழைக்கப்படும் பழைய நகர வாயிலுக்கும் கிரிமானி கொத்தளத்துக்கும் பக்கத்தில் படி தொடங்குகிறது.

காலையில் ஏறச் சொல்வதற்குக் காரணம் குன்றின் அமைப்பு. படிக்கட்டு ஊரைப் பார்த்த மேற்குச் சரிவில் வளைந்து வளைந்து போகிறது. காலைச் சூரியன் குன்றுக்குப் பின்னால் இருப்பதால் முற்பகல் வரை படியில் பெரும்பகுதி நிழல். மதியத்துக்குப் பிறகு அதே பாறை நேர்வெயிலில் காயும். கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்கும் திருப்பித் தரும்.

டிக்கெட் மேலேதான், அடிவாரத்தில் கிடையாது. அத்தனை படியும் ஏறிய பிறகு இன்று விடுமுறை என்று தெரிவதைவிடப் பெரிய எரிச்சல் இந்த ஊரில் இல்லை. அதனால்தான் முதல் பகுதியில் விடுமுறை நாட்களை அவ்வளவு வலியுறுத்தியது.

முதல் நூறு படியில் வேகம் காட்டாதீர்கள். எல்லோரும் அங்கேதான் மூச்சை இழக்கிறார்கள். படிகளின் உயரமும் அகலமும் ஒரே அளவில் இல்லை, தாளம் போட்டு ஏற முடியாது. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். பேச்சு நின்றால் அடுத்த திருப்பத்தில் நிற்க வேண்டும் என்று பொருள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிமிடம் நின்று இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். வெளிப்பக்கச் சுவர் சில இடங்களில் இடுப்புக்கும் கீழே. படம் எடுக்க அதன் மேல் உட்காருவதும், பையை அதன் மேல் வைப்பதும் வேண்டாம்.

மழை பெய்து நின்ற காலை என்றால் படித் திட்டத்தைக் கைவிட்டு டாக்ஸியில் போங்கள்.

7. கோட்டைக்குள் எந்த வரிசையில் பார்ப்பது

உள்ளே வந்ததும் பலருக்கு ஏற்படும் முதல் குழப்பம், கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே. வெனிஸ் நகர அரசை ஆண்ட வெனிசியர்கள் 1711 முதல் 1714 வரையிலான மூன்றே ஆண்டில் கட்டியது இது. எட்டுக் கொத்தளங்கள், ஒவ்வொன்றும் தனக்கென வாசல், மதில், மழைநீர்த் தொட்டி என்று தனிக் கோட்டை போல அமைந்திருக்கிறது. ஒன்று எதிரி கையில் விழுந்தாலும் மற்றவை தனித்து நின்று போராட வேண்டும் என்பது திட்டம். அதனால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேர்வழி அமைவது அரிது. வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். வழி தவறிவிட்டோமோ என்று தோன்றினால் தவறவில்லை, அது அப்படித்தான்.

முதலில் ஆகியோஸ் ஆந்த்ரேயாஸ் கொத்தளம். படி வழியே வந்தால் இதுதான் பக்கத்தில், நல்ல நிலையில் இருப்பதும் இதுதான். மதில் வளைவுக்குள் பொதிந்த சின்னத் தேவாலயம், உள்முற்றம், மதில் மேல் நடக்கும் வழி எல்லாம் இங்கே. பழைய நகரத்தின் ஓட்டுக் கூரைகள், பூர்ட்ஸி, வளைகுடா மூன்றும் ஒரே பார்வையில் விழுவதும் இங்கிருந்துதான். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். அதற்கு முன் இந்த முற்றத்தைப் பார்த்து முடித்துவிட்டால் நல்லது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் ஊரைப் படம் எடுக்கவும் இதுவே நேரம்.

பக்கத்திலேயே கொலோகொட்ரோனிஸின் சிறை என்று காட்டப்படும் இருட்டறை இருக்கிறது. கிரேக்க விடுதலைப் போரின் தளபதியான தியோடோரோஸ் கொலோகொட்ரோனிஸ், 1834இல் தேசத்துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு இந்தக் கோட்டையில் அடைக்கப்பட்டவர். அறை வாசல் மிகத் தாழ்வு. பையைக் கழற்றி வெளியே துணையிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, விளக்கை முதலில் உள்ளே நீட்டிப் பார்த்துப் போங்கள். தலையை இடித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் உள்ளே போகும்போது இடிப்பதில்லை. வெளிச்சத்தைப் பார்த்து அவசரமாக நிமிர்ந்து வரும்போதுதான். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர்கள் வாசலோடு நின்றுவிடலாம்.

அடுத்து மில்டியாடீஸ் கொத்தளம், அங்கிருந்து தெற்கும் கிழக்குமாக மற்றவை. கடைசியாக ஓரத்தில் இருக்கும் அகிலியஸ் கொத்தளம் வரை போய் வாருங்கள். அங்கே மதில் தாழ்வு. மேலே நின்று பார்த்தாலே கோட்டையின் பலவீனமான மூலை எது என்று புரிந்துவிடும். 1822 நவம்பர் இறுதியில், துருக்கியர் கையில் இருந்த கோட்டைக்குள் கிரேக்க வீரர்கள் ஏறிப் புகுந்ததும் இந்தப் பக்கம்தான். தென்புற மதிலிலிருந்து எட்டிப் பார்த்தால் கரத்தோனா கடற்கரையின் அரைவட்டம் தெரியும்.

கவனிக்க வேண்டியவை: மதில் மேல் கைப்பிடிக் கம்பி இல்லாத இடங்கள் ஏராளம். புல் மூடிய குழிகளும் நீர்த்தொட்டி வாய்களும் உண்டு, தரையைப் பார்க்காமல் கைபேசித் திரையைப் பார்த்து நடப்பது இங்கே ஆபத்து. குழந்தைகளைக் கையை விட்டு ஓடவிடக் கூடாது. நிழல் தரும் மரம் மிகக் குறைவு. பத்தரைக்கு மேல் உள்ளே வெயில் உறைக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும்.

8. இறங்கும்போது

வழுக்கல் இறங்கும்போதுதான். காலங்காலமாகக் கால் பட்டுப் படியின் விளிம்பு மழமழவென்று ஆகிவிட்டது. செருப்போ, அடிப்பாகம் தேய்ந்த ஷூவோ அதில் பிடிக்காது. உள்சுவரை ஒட்டி, பாதத்தை முழுதாக வைத்து, சற்றுக் குறுக்காக இறங்குங்கள். கீழே முழங்கால் நடுங்கத் தொடங்கினால் தொடைத் தசை களைத்துவிட்டது என்று பொருள். இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். உட்காராமல் தொடர்ந்து போகும்போதுதான் கால் இடறுகிறது.

9. நேராகக் கடலுக்கு: ஆர்வனிட்டியா

படியின் அடியிலிருந்து பலமீதிக்கும் ஆக்ரோநாஃப்லியாவுக்கும் இடையிலான பள்ளத்தில் போகும் சாலையைப் பிடித்தால் பத்து நிமிடத்துக்குள் ஆர்வனிட்டியா. சின்னக் கூழாங்கல் கடற்கரை. ஓரங்களில் பாறையும் சிமென்ட் மேடைகளும். ஊர்க்காரர்களே குளிக்க வருகிற இடம்.

மணலை எதிர்பார்த்து வெறுங்காலில் இறங்கினால் கல் குத்தும், பாறை இடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும். ரப்பர் நீர்ச்செருப்பு இருந்தால் நல்லது. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் கூடிவிடும். நீச்சல் தெரியாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஏற்ற இடமாக இல்லை. அவர்களுக்கு கரத்தோனா.

கரத்தோனா மணற்கரை, வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர். ஆர்வனிட்டியாவிலிருந்து கடலோரமாகவே சுமார் மூன்று கிலோமீட்டர் மண்பாதை போகிறது, ஏற்றம் அதிகமில்லை, வண்டிகள் வராது. நடக்க முக்கால் மணி நேரம். கோட்டை இறங்கிய அன்றே நண்பகல் வெயிலில் இந்த நடையையும் சேர்ப்பது அதிகம். டாக்ஸியில் போங்கள், அல்லது மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்வனிட்டியாவிலிருந்து மேற்கே, ஆக்ரோநாஃப்லியா பாறையின் அடியைச் சுற்றித் துறைமுகம் வரை ஒரு நடைபாதை உண்டு, சுமார் ஒரு கிலோமீட்டர். மேலிருந்து கல் விழும் அபாயம் இருக்கும்போது அதை அடைத்துவிடுவார்கள். தடுப்பு போட்டிருந்தால் யாரோ ஒருவர் தாண்டிப் போகிறாரே என்று பின்னால் போகாதீர்கள். வந்த சாலை வழியே திரும்பி ஊருக்குள் நடந்தால் பத்து நிமிடம்தான் கூடுதல்.

10. மதியம்: சாப்பாடு, தூக்கம்

இரண்டரை மணிவாக்கில் கடைகள் பல அடைத்துவிடும். ஐந்தரைக்குப் பிறகு, அதுவும் சில கிழமைகளில் மட்டும், மறுபடி திறக்கும். மருந்து, சன்ஸ்கிரீன் எது வேண்டுமானாலும் முற்பகலிலேயே வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு கிரேக்கத்தில் அவ்வளவு சிரமம் இல்லை. எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகள், அடுப்பில் சுட்ட கலவைக் காயான பிரியாம், தக்காளிக் குழம்பில் பெரிய மொச்சை போன்ற கிகாண்டஸ், வேகவைத்த கீரையான ஹோர்த்தா, மஞ்சள் பருப்பை மசித்த ஃபாவா எல்லாம் சாதாரண உணவகத்திலும் கிடைக்கும். அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய் சொல்லும்போது மட்டும் கொத்துக்கறி உண்டா என்று கேளுங்கள். சில வீடுகளில் சேர்ப்பார்கள், சிலவற்றில் சேர்ப்பதில்லை. நிஸ்திசிமோ என்று பட்டியலில் போட்டிருந்தால் விரத உணவு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாய், இறால், ஆக்டோபஸ் இருக்கலாம். விரதம் என்றதும் சைவம் என்று நம்பிக் கேட்டு வாங்கித் தட்டைப் பார்த்துத் திகைப்பது நம்மவர்களுக்குச் சகஜம்.

ரொட்டி கேட்காமலே மேசைக்கு வரும், பில்லிலும் வரும். ஏமாற்று இல்லை, அங்கே வழக்கம். பிறகு இரண்டு மணி நேரம் தூங்குங்கள். ஊரே தூங்கும் நேரத்தில் வெறிச்சோடிய தெருவில் அலைவதில் ஒன்றும் கிடைக்காது.

11. பூர்ட்ஸி

துறைமுகக் கரையிலிருந்து சின்னப் படகுகள் போகும். ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே: தீவில் இறக்கிவிடுவீர்களா, சுற்றி மட்டும் காட்டுவீர்களா? இரண்டுக்கும் விலையும் நேரமும் வேறு. இறக்கிவிடுவதாக இருந்தால், திரும்ப எந்தப் படகில், எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள்.

மதியத்துக்குப் பிறகு வளைகுடாவில் கடற்காற்று எழும்பிப் படகு ஆடும். காற்று பலமென்றால் படகே போகாது. அதனால் பூர்ட்ஸியை வைத்து அன்றைய திட்டத்தைக் கட்டாதீர்கள். கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் கரையிலிருந்து பார்த்தாலே போதுமான கோட்டை அது. உள்ளே இடம் சிறியது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காசைச் சேமிக்க வேண்டுமானால் இந்த மூன்றில் விடக்கூடியது இதுதான்.

12. மாலை: ஆக்ரோநாஃப்லியா

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பழைய நகரத்தின் மேல்தெருக்கள் வழியே ஏறுங்கள். கட்டணம் இல்லை. மூன்றில் மிகப் பழைய கோட்டை இதுவே என்றாலும் சிதைந்த மதில்கள்தான் மிச்சம், பலமீதி போல முழு உருவம் இல்லை. வந்தது மேற்குத் திசைக்காக: வளைகுடாவுக்கு அப்பால் ஆர்க்காடியா மலைகளின் பின்னால் சூரியன் இறங்கும். ஜூன் இறுதியில் மறைவு ஒன்பது மணிக்குச் சற்று முன், டிசம்பரில் ஐந்தேகால் வாக்கில். இருட்டிய பிறகு மேட்டில் வெளிச்சம் குறைவு, வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

இறங்கினால் சின்டாக்மா சதுக்கம். பளிங்குத் தளம், மழை நாளில் கண்ணாடி போல வழுக்கும். இரவு உணவுக்கு ஊர்க்காரர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். ஏழரைக்குப் போனால் காலி மேசை நிச்சயம்.

13. ஒரு பகல் மட்டுமே இருப்பவர்களுக்கு

தங்க முடியாது, காலையில் வந்து மாலையில் திரும்ப வேண்டும் என்றால் வரிசையைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

கோடையில் முதலில் ஊர், பிறகு ஆர்வனிட்டியாவில் குளியல், நிதானமாகச் சாப்பாடு. கோட்டைக்கு மாலை ஐந்தரைக்கு டாக்ஸியில் போய், ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டுப் படி வழியே இறங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கியதுமே கேட்டு எழுதி வையுங்கள். அது ஒத்துவரவில்லை என்றால் மாலைக் கோட்டையைக் கைவிட்டு, இறங்கியதும் டாக்ஸியில் நேராக மேலே போக வேண்டியதுதான்.

நவம்பர் முதல் மார்ச் வரை தலைகீழ். மூன்றரைக்கு மூடிவிடும், வெயிலும் சுடாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலை கோட்டை. படியிலேயே ஏறலாம்.

14. திரும்பும் டிக்கெட்

வந்து இறங்கிய அன்றே திரும்பும் டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள், குறிப்பாக ஞாயிறு மாலைக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டு வரலாம் என்று எண்ண வேண்டாம். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் பஸ் பயணம் இரண்டரை மணி, கிஃபிசோஸில் இறங்கி எக்ஸ் 93க்குக் காத்திருப்பு, அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் விமான நிலையப் பயணம் என்று கூட்டிப் பாருங்கள். ஞாயிறு மாலை என்றால் ஏதென்ஸுக்குள் நுழையும் நெரிசலுக்காக இன்னும் ஒரு மணி சேருங்கள். விமான நிலையத்தில் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டிய நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால், இரவு பத்து மணி விமானத்துக்கு நாஃப்லியோவிலிருந்து மதியம் ஒரு மணிக்குள் கிளம்பியாக வேண்டும்.